கண்ணாடியில் ஒட்டிய கடல்

ஷார்ஜா ரோலாவில் இருக்கும் எங்கள் கம்ப்யூட்டர் கடையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது பில் போடுவது அல்ல, வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டுவதும் அல்ல. "வாசல் கண்ணாடியில எதை ஒட்டுறதா இருந்தாலும் காக்காகிட்ட காட்டிட்டு ஒட்டு" என்பேன். இவ்வளவுதானா என்பது போலப் பார்ப்பார்கள். நானும் அப்படிப் பார்த்தவன்தான். அதனால் எழுதி வைக்கிறேன்.

வராத கேமுக்கு வந்த கூட்டம்

காக்கா என்றால் எங்கள் முதலாளி. காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் தூத்துக்குடிப் பக்கம் என்பதால் எனக்கும் அப்படியே வந்துவிட்டது. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு விசா கிடைத்த கையோடு வந்தவன் நான். கடையில் என் டூட்டி சேல்ஸ். என் மனசு மட்டும் எப்போதும் இன்டர்நெட்டில் கிடக்கும்.

அந்த வருடம் ஒரு வரலாற்று ஸ்ட்ராட்டஜி கேம் வரப்போவதாக அறிவித்திருந்தார்கள். ஒரு ராஜ்யத்தை எடுத்துக்கொண்டு சில நூற்றாண்டுகள் ஆள வேண்டும். கேம் இன்னும் வரவில்லை. ஆனால் அதைச் செய்கிறவர்கள் அவ்வப்போது ஒரு புது அம்சத்தையும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டையும் வெளியிடுவார்கள். உடனே இன்டர்நெட் ஃபோரத்தில் பக்கம் பக்கமாக விவாதம் ஓடும். நான் அதைக் கலரில் பிரிண்ட் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவேன். வியாபாரத்துக்கு நல்லது என்று காக்காவிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் அது என் பைத்தியம்.

அந்தப் பைத்தியத்தில் எனக்குச் சரியான ஜோடி ரேஸா. எங்கள் கடைக்கு வந்துபோகும் ஈரான் பையன், பிறந்ததே ஷார்ஜாவில். அவன் அப்பாவின் மரக்கலம் ஊருக்குள் நுழையும் கடற்கழியில், க்ரீக்கில் நிற்கும். ஃப்ரிட்ஜும் டயரும் ஏற்றிக்கொண்டு ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகம் போய்வரும். எங்களோடு கடைத்தெரு ஹிந்தியில் பேசுவான். அதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஒருநாள் புது அம்சம் வந்தது: பருவக்காற்று! காற்று சாதகமாக இருந்தால்தான் இந்தியப் பெருங்கடலில் கப்பல் ஓடுமாம். கூடவே அரேபியாவிலிருந்து குஜராத் வரை ஒரு பெரிய வரைபடம். சாயங்காலம் ரேஸா வந்ததும் கத்தினேன்.

"தோஸ்த், காத்து வருதாம்! இனி நினைச்ச நேரத்துல நீ படை அனுப்ப முடியாது."

"அப்போ எங்க அப்பாவை டெஸ்டரா போடச் சொல்லு. அவர் மூக்கை வச்சே காத்து எந்தப் பக்கம்னு சொல்லிடுவார்."

"ஹோர்முஸ் துறைமுகத்தை நீ எடுத்துக்கோ. நான் கள்ளிக்கோட்டையில இருந்து மிளகு கொண்டு வர்றேன்."

"வா, வா. சுங்கத்தைக் கட்டிட்டு உள்ள வா."

காக்கா கவுன்டரிலிருந்து தலை தூக்கினார். "இல்லாத கேமுக்கு ரெண்டு பேரும் இப்படி அடிச்சுக்கிறீங்களே, இருக்கிற பிரிண்டரை வாங்க ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்களேன்ப்பா."

வரைபடம் ஒரு தாளில் அடங்கவில்லை. துண்டு துண்டாகப் பிரிண்ட் எடுத்து, இருவருமாகச் சேர்த்து ஒட்டினோம். ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. துறைமுகங்களின் பெயரெல்லாம் வாசித்தேன். கடலின் நீலத்தில் பெரிதாக எழுதியிருந்ததை மட்டும் வாசிக்கவில்லை. பெரிய எழுத்தை யார் வாசிக்கிறார்கள்?

அர்பாப் வந்த நாள்

கடை நடத்துவது காக்கா. லைசென்ஸ் ஓர் உள்ளூர்க்காரர் பெயரில். அவரை அர்பாப் என்போம். அவர் கையெழுத்துப் போட்டால்தான் லைசென்ஸ் புதுப்பிக்க முடியும், எங்கள் விசாவும் அதோடுதான் ஓடும். அன்று அதற்காகவே வந்தார். காக்கா சுலைமானி டீக்குச் சொல்லிவிட்டுப் பேப்பர்களை எடுத்து வைத்திருந்தார். ரேஸாவும் கடைக்குள் இருந்தான்.

அர்பாப் உள்ளே வரவில்லை. கண்ணாடி முன் நின்றுவிட்டார். பிறகு விரலை நீட்டி, "ஷூ ஹாதா?" என்றார். இது என்ன?

காக்கா ஓடினார். பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

அரேபியாவுக்கும் ஈரானுக்கும் இடையிலுள்ள கடலில் 'பாரசீக வளைகுடா' என்று இருந்தது. இங்கே அந்தக் கடலுக்குப் பெயர் அரேபிய வளைகுடா. ஸ்கூல் அட்லஸ், உலக உருண்டை, காலண்டர் எது வந்தாலும் கடைக்காரர்கள் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். பாரசீகம் என்று இருந்தால் மையடித்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பார்கள். எனக்கு அது தெரியாது. தெரிந்த காக்காவிடம் நான் காட்டவில்லை.

"என் பேர்ல இருக்கிற கடை. ரோட்டைப் பார்த்து ஒட்டியிருக்கீங்க" என்றார் அர்பாப் ஹிந்தியில். குரலை உயர்த்தவில்லை.

"ஆஸிஃப், அர்பாப், ஆஸிஃப்." காக்கா நெஞ்சில் கை வைத்து, அரபியில் மன்னிப்புக் கேட்டுக் குனிந்தார். வாடிக்கையாளர் எவ்வளவு கத்தினாலும் குனியாத மனிதர். "என் தப்பு. இப்பவே கிழிச்சிடுறேன்."

"கிழிக்க வேண்டாம். பையன்களுக்குப் பிடிச்ச படம். என் மகனும் இதெல்லாம் விளையாடுறான். அந்தப் பேரை மட்டும் அடிச்சிடு, கலாஸ், முடிஞ்சது."

காக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, மார்க்கரை எடு."

சி.டி.யில் பெயர் எழுதும் கறுப்பு மார்க்கரோடு கண்ணாடி முன் போய் நின்றேன். எனக்குப் பின்னால் அர்பாப். பக்கத்தில் ரேஸா. அவன் வீட்டில் அந்தக் கடலுக்கு என்ன பெயர் என்று எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. படம் ஒட்டும்போது அவன் அந்த எழுத்தை நிச்சயம் வாசித்திருப்பான். அது அவனுக்குச் சரியான பெயர்; அவன் எதற்காகச் சொல்லப்போகிறான்?

முதல் கோடே பிசகியது.

"மெதுவா தோஸ்த்" என்றான் ரேஸா. "ஹோர்முஸை அழிச்சிடப் போறே. ஸ்கேல் வை." அவனே கவுன்டரிலிருந்து ஸ்கேலை எடுத்து வந்து தாளின் மேல் வைத்து, நழுவாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவன் பிடித்துக்கொடுக்க, நான் அடித்தேன்.

அர்பாப் அவனைக் கவனித்தார். "நீ எந்த ஊர்?"

"ஷார்ஜா."

"அப்பா?"

"பந்தர் அப்பாஸ்."

அர்பாப் அவன் தோளைத் தட்டி, அப்பாவின் தொழில் எப்படிப் போகிறது என்று விசாரித்தார். இருவரும் மரியாதையாகவே பேசினார்கள். எனக்குத்தான் காது வரை சுட்டது. அந்தக் கடல் அவருக்கும் வேண்டும், இவனுக்கும் வேண்டும். எனக்கு அது கலர் பிரிண்ட்.

உள்ளே போய் டீ குடித்துவிட்டு அர்பாப் கையெழுத்துப் போட்டார். நான் வெளியே வந்து பார்த்தபோது ரேஸா போய்விட்டிருந்தான். காக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு" என்றார். அவனுக்கு எஸ்.எம்.எஸ். அடித்து அடித்து அழித்தேன். 'சாரி' என்றால் எதற்கு சாரி? படத்தை ஒட்டியதற்கா, பெயரை அடித்ததற்கா?

வாசலில் நின்றவன்

அதன் பிறகு ரேஸா வரவில்லை. ஃபோரத்தில் புதுப்புது அம்சங்கள் வந்துகொண்டே இருந்தன: அரச குடும்பத்துக் கல்யாணங்கள், குளிர்காலத்தில் பட்டினி கிடக்கும் படைகள். நான் வாசித்தேன். யாரோடு அடித்துக்கொள்வது? காக்காவிடம் சொன்னால், "நல்லது தம்பி, அந்த மவுஸ் பெட்டியை இறக்கு" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவு பாதி திறந்தது. ரேஸா. ஒரு காலை வெளியிலேயே வைத்திருந்தான். தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்:

"உள்ள வரலாமா? உங்க அர்பாப் வண்டி இங்க இல்லையே?"

குத்திக் காட்டிக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். தன்னால் எங்கள் கடைக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று நிஜமாகவே யோசித்துக் கேட்டான். தன் வீடு போல உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளும் பையன் அவன். அவனை வாசலில் நிறுத்தி அனுமதி கேட்க வைத்துவிட்டேன்.

"வா தோஸ்த்" என்றேன். ஸ்டூலை நானே எடுத்துப் போட்டேன். அவன் உட்கார்ந்து, "அப்போ, குளிர்காலம் வந்திருக்காமே" என்று ஆரம்பித்தான். அந்தக் கடலைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வளைகுடாவில் கடைக் கண்ணாடி ரெண்டு பக்கமும் தெரியும். நமக்குப் பிடித்த படத்தை நாம் உள்ளே இருந்து பார்க்கிறோம். அதை வெளியே நின்று பார்ப்பவர் யார் யார் என்று, ஒட்டுவதற்கு முன் ஒருமுறை ரோட்டில் இறங்கி நின்று யோசியுங்கள். ஒட்டிய பிறகு யோசித்தால், மார்க்கர் உங்கள் கையில் இருக்கும். ஸ்கேலைப் பிடிப்பவன் உங்கள் சினேகிதனாக இருப்பான்.