ரேடியேட்டர் ஒழுகிய அன்று வந்த சம்பந்தம்

தம்பிக்குப் பெண் பார்க்க எளாவூர் போக வேண்டிய காலையில்தான் கார் ஒழுக ஆரம்பித்தது. பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, சாவியோடு வெளியே வந்தவள், வண்டிக்கு அடியில் பச்சையாகத் தண்ணீர் தேங்கியிருப்பதைப் பார்த்தேன். முந்தின நாள்தான் சோப்புப் போட்டு, எலுமிச்சைத் தோலால் தேய்த்து, உள்ளே இருந்த இறால் வாடையைப் போக்கியிருந்தேன். அந்தப் பழைய காரில்தான் ஐஸ் பெட்டியில் இறாலும் நண்டும் ஏற்றிக்கொண்டு மீஞ்சூருக்குப் போவேன். என் கணவரை அவர் வேலை செய்யும் ஃபாக்டரி வாசலில் இறக்கிவிட்டு, சரக்கைக் கடைகளில் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். அன்று அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டார்.

அப்பாவும் அம்மாவும் தம்பியும் ஏரித் தீவான பசியாவரத்திலிருந்து படகில் வந்து, கரையில் இருக்கும் என் வீட்டில் தயாராக இருந்தார்கள். பெண் வீட்டுக்குக் கொண்டுபோக நல்ல நண்டாகப் பொறுக்கி ஒரு கூடையில் எடுத்து வந்திருந்தார் அப்பா. தம்பி புதுச் சட்டையில் உட்காரவும் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தான்.

அவனுக்கு அதற்கு முன் வந்த சம்பந்தங்கள் எதுவும் கூடி வரவில்லை. பெண் வீட்டாருக்குப் பையனைப் பிடிக்கும், குடும்பத்தைப் பிடிக்கும், ஊரைப் பார்க்க வந்து படகில் கால் வைத்ததும் முகம் மாறிவிடும். பிறகு போன் வராது. அதனால் இந்த முறை அம்மா ஒன்றைத் தீர்மானித்திருந்தாள். முதலில் நாம் போய்ப் பேசி முடிப்போம், ஊரை அவர்கள் மெதுவாகப் பார்க்கட்டும் என்று. எளாவூர்க்காரர்களுக்குப் பசியாவரம் என்ற பெயர் தெரியும். வந்து பார்த்ததில்லை. முதல் நாளே தாமதமாகப் போய் நின்றால் என்ன நினைப்பார்கள் என்பதுதான் அம்மாவின் கவலை.

புடவையை அவிழ்த்து வைத்துவிட்டு நைட்டியை மாட்டிக்கொண்டேன். கிழிந்த வலை ஒன்றை வண்டிக்குக் கீழே விரித்து அதன்மேல் படுத்து உள்ளே நகர்ந்தேன். ரேடியேட்டரின் அடி மூலையில் தண்ணீரை வடிப்பதற்கென்று ஒரு பிளாஸ்டிக் திருகு உண்டு. ஒழுகியது அங்கேதான். இறுக்கிப் பார்த்தேன். சொட்டு நிற்பதற்குப் பதில் கம்பியாக ஊற்றியது. சரி என்று ஒரு பாத்திரத்தைக் கீழே வைத்து, மிச்சம் இருந்ததையெல்லாம் வடித்துவிட்டுத் திருகைக் கழற்றினேன். அதன் கழுத்தில் இருந்த ரப்பர் வளையம் தட்டையாகி, ஓரிடத்தில் பிளந்து, கையோடு வந்துவிட்டது.

எங்கள் ஊர் மெக்கானிக் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். பொன்னேரியில் இருப்பவர் மத்தியானத்துக்கு மேல் வருவதாகச் சொன்னார். குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைத் திருகில் சுற்றி மாட்டித் தண்ணீர் ஊற்றினேன். கொஞ்ச நேரம் நின்றது போல் இருந்து, மறுபடி சொட்டியது. அம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். வேறு வண்டி பிடிக்கலாமா என்று அப்பா கேட்டார். முகூர்த்த நாளில் வண்டி எங்கே கிடைக்கும்.

கடைசியில் பெண்ணின் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"கார்ல ரேடியேட்டர் ஒழுகுதும்மா. ஒரு ரப்பர் வளையம் பிஞ்சிபோச்சு. அது கெடச்சிட்டா பொறப்பட்டுருவோம்."

"எவ்ளோ பெருசு இருக்கும்?" என்று கேட்டாள்.

"மெட்டி அளவுதான் இருக்கும்."

அவள் திருப்பிக் கேட்டாள்: "யாரு கால் மெட்டி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னுடையதுதான், சின்னக் கால்தான் என்றேன். அவளும் சிரித்தாள். எளாவூரில் ஹைவே ஓரமாக லாரிக்கும் டிராக்டருக்கும் சாமான் விற்கிற கடைகள் இருப்பதாகவும், கேட்டுப் பார்ப்பதாகவும் சொல்லி, என் வீட்டுக்கு வழியும் கேட்டுக்கொண்டு வைத்தாள். யாரையாவது பைக்கில் அனுப்புவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி வண்டிக்கு அடியில் போய், திருகு உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். வாசலில் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ சரக்கு கேட்டு வந்திருக்கிறார்கள் என்று இருந்தேன். அம்மா பதறிப்போய் என் காலைத் தட்டினாள். வெளியே வரத் தொடங்கியபோது பம்பர் பக்கமாக ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"வெளிய வராதீங்கக்கா. நானே குடுக்கறேன்."

வளையல் போட்ட ஒரு கை ஒரு பிளாஸ்டிக் கவரை உள்ளே நீட்டியது. கல்யாணப் பெண்ணே வந்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா. பின்னால் அவள் அப்பா, கையில் தூக்குச் சட்டிகளோடு. எங்களுக்காகச் செய்த சொஜ்ஜியும் பஜ்ஜியும் வீணாகக் கூடாது என்று எடுத்து வந்துவிட்டார்களாம். சாமான் வாங்கிக் கொடுத்து அனுப்புவதைவிட நாமே போய்விடலாம் என்று சொன்னது அவர்தான். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு முதலில் வருவது முறையில்லையே என்று அவர் மனைவி தயங்கியிருக்கிறாள். வண்டி ரிப்பேருக்கு ஏது முறை என்று கிளம்பிவிட்டாராம்.

நைட்டியும் கிரீஸுமாக நான் கிடந்த கோலத்தில் வெட்கப்படக்கூட நேரமில்லை. பெண் புடவையைச் சேர்த்துப் பிடித்துக் குந்தி உட்கார்ந்து, போனில் டார்ச் அடித்தாள். கவரில் பல அளவு வளையங்கள் இருந்தன. தன் அம்மாவின் மெட்டியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி, அதை ஒட்டிய அளவுகளையெல்லாம் வாங்கியிருக்கிறாள். ஒன்று தொளதொளவென்று இருந்தது. இன்னொன்று திருகின் மேல் ஏறவே இல்லை. அடுத்தது கழுத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது. திருகை மாட்டிக் கையாலேயே இறுக்கினேன். பிளாஸ்டிக்குக்கு ஸ்பேனர் போட்டால் விரிசல் விட்டுவிடும்.

தம்பியைத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். வாட்டர் பாட்டிலை வெட்டிப் புனலாக்கி அவள் பிடித்துக்கொள்ள, அவன் ஊற்றினான். எஞ்சினை ஓடவிட்டு, மூடியைத் திறந்தே வைத்து, காற்றுக் குமிழ் நிற்கிற வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். எஞ்சின் சத்தத்தில் அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்புறம் தம்பியிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் ஏரிக்கு வலை போடப் போவீங்களா என்று கேட்டாளாம். போவேன் என்றானாம். அவ்வளவுதான்.

அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்துவிட்டு எல்லோரும் உள்ளே போனோம். கூடை நண்டு என் அடுப்பிலேயே குழம்பானது. ஆறிப்போன பஜ்ஜியை அதில் தொட்டுத் தின்றோம். சாப்பிட்டு வந்து பார்த்தால் அட்டை காய்ந்தபடியே கிடந்தது.

பெண்ணின் அப்பா கையைத் துடைத்துக்கொண்டே, "இவ்ளோ தூரம் வந்துட்டோம், மாப்ள ஊட்டையும் பாத்துட்டுப் போலாமே" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். மறுக்க ஒரு காரணமும் இல்லை.

படகில் ஏறும்போது பெண்ணின் அம்மா என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பெண் ஓரமாக உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். பசியாவரத்தில் வீட்டை முழுக்கச் சுற்றிப் பார்த்தாள். அடுப்படியைப் பார்த்தாள். குடத்தைத் திறந்து பார்த்துவிட்டு, குடிதண்ணீர் எப்படி என்று அம்மாவிடம் நேராகக் கேட்டாள். குழாயில் வரும், வராத நாள் அக்கரையிலிருந்து படகில் கொண்டுவருவோம் என்றாள் அம்மா. மழைக்காலத்தில் உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அப்பவும் படகுதான் என்று அம்மா மறைக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

திரும்பும்போது பாதி ஏரியில் பெண் அவள் அப்பாவிடம், எல்லைப் பக்கத்து ஊர்களில் பேசுகிற தெலுங்கில் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார்.

"எங்க புள்ளைக்குச் சம்மதமாம்" என்றார்.

பெண் எங்கள் பக்கம் திரும்பி, "எப்டி இருக்குமோன்னுதான் பயந்துகினு இருந்தேன். இப்ப பாத்துட்டேன்" என்றாள். தம்பி கழியால் படகைத் தள்ளுவதை விட்டுவிட்டு நின்றான். அப்பா அவனைத் தள்ளச் சொன்னார்.

அவர்களை இறக்கிவிட்ட குட்டி யானை வேறு லோடு ஏற்ற அப்போதே போய்விட்டிருந்தது. அதனால் நானே அவர்களை எளாவூரில் கொண்டுபோய் விட்டேன். தம்பி முன் சீட்டில் உட்கார்ந்து வெப்பம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தான். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். நான் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். பக்கத்தில் அந்தப் பெண்ணும் குனிந்தாள். ஒரு சொட்டுகூட இல்லை. புழுதிதான் இருந்தது.

டீ நன்றாக இருந்தது. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. எளாவூருக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் என்றார் அவள் அப்பா. எனக்கு ஒரு அவசரமும் இல்லை. இன்னொரு டீ சொன்னேன்.