மகளுக்கு ஒரு கிரிக்கெட் மட்டை

இன்று மாலை தோழியின் குழந்தைக்குப் பரிசு வாங்க, இலுப்பூரில் ஒரு பொம்மைக் கடைக்குப் போயிருந்தேன்.

பக்கத்தில் ஓர் அம்மா, எட்டு வயது மகளோடு நின்றிருந்தார். அந்தச் சிறுமி ஒரு கிரிக்கெட் மட்டையைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

சவுதியில் இருக்கும் கணவருக்கு வீடியோ கால் போட்டார் அம்மா. "ஒங்க மக இதத்தான் கேக்குறா, பாருங்க."

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு பேட்டு? பயலுகளோட சேந்து ரோட்டுல ஆடவா? சொப்புச் சாமான் வாங்கிக் குடு."

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாப்பிட்டியா என்று கேட்கிற அதே குரல்தான்.

சிறுமி மட்டையைத் திரும்ப வைக்கப் போனாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு போனை வாயருகே கொண்டுபோனார்.

"ஹலோ... ஹலோ... என்னங்க, ஒண்ணுமே கேக்கல. இங்கிட்டு சிக்னல் இல்ல."

போனை அணைத்துவிட்டு, மட்டைக்கு பில் போடச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கே அவர் கணவர் பேசியது அத்தனையும் தெளிவாகக் கேட்டிருந்தது.

"அப்பா திட்டுவாங்களேம்மா?"

"அப்பா லீவுல வர இன்னும் ஒரு வருசம் ஆகும். அதுக்குள்ள நல்லா ஆடப் பழகிக்க. வந்து பாக்கட்டும்."

சொல்லிவிட்டு மட்டையை மகள் கையில் கொடுத்தார்.

நான் வளர்ந்த வீட்டில் அப்பா சொன்னது எல்லோருக்கும் எப்போதும் தெளிவாகவே கேட்டது. உங்கள் வீட்டில் எப்படி?