எழுதித் தராத பகிடி

பின்னேரம் நாலு மணிக்கு பேக்கரி வான் வந்து போனதும், எங்கள் ஒழுங்கையின் முனையில் இருந்த பியதாச முதலாளியின் கடையில் சூட்டுப் பாணின் மணமும் கருவாட்டின் மணமும் மண்ணெண்ணெய் மணமும் ஒன்றாகக் கலந்து அடிக்கும். கடற்காற்று வீசுகிற நாட்களில் அந்தக் கலவை, மாடியில் நாங்கள் குடியிருந்த இரண்டு அறைகளுக்கும் ஏறி வந்துவிடும். பாண் வாங்கப் போவது என் வேலை. எனக்கு அப்போது பத்து வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறப் பாஸ் எடுத்து, வவுனியாவில் வாரக்கணக்கில் கிடந்து, ஒருவழியாக வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சிங்களத்தில் நான் முதலில் கற்றுக்கொண்டவை கடையில் சாமான் கேட்பதற்கான நாலைந்து சொற்கள். அதற்கு அடுத்ததாகக் கற்றுக்கொண்டது "கொட்டியா" என்ற சொல். கொட்டியா என்றால் புலி.

அது முதலாளி எனக்கு வைத்த பெயர். "பொடி கொட்டியா", சின்னப் புலி. அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லிவிட்டால் விஷயம் லேசாக முடிந்துவிடும். வட்ட முகம், முன்தள்ளிய வயிறு, எந்நேரமும் வாய் நிறையச் சிரிப்பு. யாருக்காவது சுகமில்லை என்றால் தானே ஓட்டோ பிடித்துக் கொடுப்பார். ஒழுங்கையில் இருந்த எல்லாரையும் அவரவர் சாதி சனத்தை வைத்துப் பகிடி பண்ணுவதுதான் அவருடைய பிழைப்புக்கு உப்பு. நான் கடை வாசலை மிதித்ததும் கண்ணை உருட்டி, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, பொடி கொட்டியா வந்துவிட்டது, எல்லாரும் ஓடுங்கள் என்று சாமான் வாங்க நிற்பவர்களுக்குச் சொல்லுவார். உடனே நான் பல்லைக் காட்டி "உர்ர்" என்று உறும வேண்டும். உறுமினால் போத்தலைத் திறந்து ஒரு டொபி தருவார். கடையில் நிற்கிற எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதிகூட இல்லாத எனக்கு, என்னைக் கண்டதும் ஒரு கடையே கலகலக்கிறது என்பது பெரிய விஷயம்.

அண்ணாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது. பம்பலப்பிட்டிக்கு கணக்கியல் வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அவரை முதலாளி "லொக்கு கொட்டியா", பெரிய புலி என்று கூப்பிடுவார். அண்ணா சிரிக்க மாட்டார். வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, பேசாமல் திரும்பி வருவார். அதற்கு வீட்டில் அவருக்குத்தான் ஏச்சு விழும். "பகிடிக்குச் சொல்லுறதைப் பகிடியா எடுக்கத் தெரியோணும், தம்பி. முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிண்டால், இவனுக்கு ஏன் சுடுது எண்டுதான் அவங்கள் யோசிப்பாங்கள். சிரிச்சிட்டு வா" என்பார் அம்மா. குற்றமுள்ள நெஞ்சுதான் குறுகுறுக்கும் என்று அப்பாவும் தன் பங்குக்குச் சேர்த்துக்கொள்வார். சொன்னவனில் ஒரு பிழையும் இல்லை, சிரிக்காதவனில்தான் பிழை! இந்த நியாயத்தை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, அவர்களுடைய வாயில் மண் விழ.

எங்கள் வீட்டுப் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு கந்தோரில் வேலை செய்கிற நண்பர்கள் வந்து, வடையும் தேத்தண்ணியுமாக இருந்து கதைப்பார்கள். சிங்களவரை முட்டாளாக்குகிற "மோட்டுச் சிங்களவன்" பகிடிகள் தொடங்குவதற்கு முன்னால் யாராவது ஒருவர் எழும்பிப் போய், ஒழுங்கைப் பக்கத்து ஜன்னலைச் சாத்துவார். அவை ஓய்ந்து, மலைநாட்டுத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிற சனத்தின் பேச்சையும் நடையையும் இழுத்து இழுத்துக் காட்டுகிற "தோட்டக்காட்டான்" பகிடிகள் வரும்போது, வேர்க்கிறது என்று ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். அதற்கு ஜன்னல் சாத்தத் தேவையில்லை. யாரைப் பற்றிச் சொன்னால் வீட்டு வாசலில் ஆள் வரும், யாரைப் பற்றிச் சொன்னால் ஒருத்தனும் வரமாட்டான் என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. நாங்கள் அடிபட்டு வந்த சனம் என்று அழுது கொட்டிய அதே வாய்கள்தான் அவை. வெட்கங்கெட்ட வாய்கள். நானும் வடையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். அதற்கு இரண்டு நாள் முன்னால் நகரத்தில் ஒரு குண்டு வெடித்திருந்தது. வகுப்பில் எழுதக் கொப்பி வாங்க வேண்டும் என்று அண்ணாவும் அன்று என்னோடு கடைக்கு வந்தார். ஒழுங்கை முனையில் சோதனை நடந்துகொண்டிருந்தது. அது கிழமைக்கு ஒருதடவை நடப்பதுதான், ஆனால் வழக்கமாக வருகிற பொலிஸ்காரர்கள் இல்லை, எல்லாம் புது முகங்கள். அண்ணாவின் அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து விலாசம். கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸில் பதிந்த துண்டும் மடித்தபடி கையில் இருந்தது. சார்ஜன்ட் அட்டையையும் துண்டையும் அண்ணாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைப் பக்கம் திரும்பி, இவனைத் தெரியுமா என்று முதலாளியிடம் கேட்டான்.

"தெரியாமல் என்ன, மாத்தயா? எங்கட லொக்கு கொட்டியாதானே," என்றார் முதலாளி சிங்களத்தில், எப்போதும் சிரிக்கிற அதே சிரிப்போடு.

பாண் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். பொலிஸ்காரர்களும் சிரித்தார்கள். முதலாளி உற்சாகமாகி, என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். நான் பல்லைக் காட்டி உறுமினேன்.

இதை எழுதுகிற இந்த நேரத்திலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு பத்து வயதுப் பிள்ளையைப் பிடித்து, உன் பெயர் புலி, நாங்கள் கண்ணை உருட்டினால் நீ உறும வேண்டும் என்று ஒரு வருடமாகப் பழக்கி வைத்திருந்தார்கள்; வீட்டில் இருந்த பெரியவர்களோ, சிரி, சிரி என்று அந்தப் பழக்கத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்; கடைசியில் சொந்த அண்ணாவின் முன்னால், துவக்கு வைத்திருந்தவர்களின் முன்னால், அந்தப் பிள்ளை உறுமியது. அவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் சார்ஜன்ட் அண்ணாவின் அட்டையைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஜீப்பில் ஏறு என்றான். அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ வீட்டை போ" என்று மட்டும் சொன்னார். முதலாளியின் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை. நான் பாணையும் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா அன்றிரவே வீட்டுக்காரரின் கடிதமும் வகுப்பு மாஸ்டரின் கடிதமுமாகப் பொலிஸுக்குப் போனார். கடைக்காரனே இவனைப் புலி என்று சொன்னான் என்று சார்ஜன்ட் அங்கே எழுதிவைத்திருந்தான். ஐயா, அது பகிடி என்றார் அப்பா. அப்படியானால் பகிடி சொன்னவர் வந்து, நான் சொன்னது பகிடி, இந்தப் பையனை எனக்குத் தெரியும், இவன்மேல் எனக்குச் சந்தேகமில்லை என்று எழுதிக் கையெழுத்து வைக்கட்டும், விட்டுவிடுகிறேன், சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பார்ப்பேன், அதற்குப் பிறகு மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிவரும் என்றார் பொறுப்பதிகாரி. மேலிடம் என்றால் என்ன என்று வெள்ளவத்தையில் இருந்த எந்தத் தமிழ் வீட்டுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அங்கே போன பிள்ளைகள் மாதக்கணக்கில் திரும்பவில்லை. சிலர் திரும்பவே இல்லை.

அடுத்த நாள் காலை, கடைப் பலகை கழற்றும்போதே அப்பா போய் நின்றார். நானும் அவருக்குப் பின்னால் போனேன். முதலாளி உண்மையாகவே பதறினார். நெஞ்சில் கைவைத்து "அனே, அனே" என்றார். உடனே சேர்ட்டை மாற்றிக்கொண்டு அப்பாவோடு பொலிஸுக்குப் போனார். அது சும்மா பகிடிக்குச் சொன்னது என்று வாயால் சொன்னார், அங்கே இருந்தவர்கள் இன்னொருமுறை சிரித்தார்களாம். கடதாசியை எடுத்து நீட்டியதும், கண்ணாடியை மறந்துவிட்டு வந்தேன், பிறகு வருகிறேன் என்று திரும்பிவிட்டார். பின்னேரமும் போகவில்லை. வெள்ளிக்கிழமை, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அப்பா மறுபடி போனார். உள்ளேயிருந்து முதலாளியின் மனைவி, நாளைக்கு இந்தப் பையன் ஏதாவது செய்துவைத்தால் கையெழுத்துப் போட்டவர் தலையில்தானே விடியும் என்று எங்கள் காதில் விழும்படியாகவே சொன்னார்.

"பகிடிக்குச் சொன்னதுக்கெல்லாம் ஆராவது கையெழுத்து வைப்பாங்களா, மாத்தயா?" என்று கேட்டார் முதலாளி.

அப்பா ஒருநாளும் குரலை உயர்த்தாதவர். அன்றும் உயர்த்தவில்லை. "பகிடி எண்டால் வைக்கலாம்தானே, முதலாளி," என்றார்.

முதலாளி தராசை இழுத்து வைத்து, பருப்பு நிறுக்கத் தொடங்கினார். பருப்புக் கேட்டு யாரும் அங்கே நிற்கவில்லை.

இப்படியான பகிடிகள் மனதைப் புண்படுத்துமா, இல்லை வெறும் சிரிப்புத்தானா என்று இன்றைக்கும் தொலைக்காட்சியில் வட்டமேசை போட்டுக் கேட்கிறார்கள். புண் கிடக்கட்டும், அது ஆறிவிடும். எனக்குத் தெரிந்தது இதுதான்: எங்கள் முகத்துக்கு நேரே ஒரு வருடமாகச் சிரித்துச் சிரித்துச் சொன்ன மனிதருக்கு, நான் சொன்னது பொய் என்று ஒரு வரி எழுத முடியவில்லை. அண்ணா புலி இல்லை என்று அவரால் தன் மனதுக்குள்ளேயே நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அந்தச் சந்தேகம் செத்துப்போகாதபடி ஒவ்வொரு பின்னேரமும் சிரிப்பு ஊட்டி வளர்த்திருக்கிறார், நாங்களும் கூட நின்று ஊட்டியிருக்கிறோம். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வளர்ந்ததும் அதே சாமான்தான். எங்களிடம் ஜீப் இருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணாவை வெளியே கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டுப் பெரேரா டீச்சர். ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை, தனியாக இருந்தவர். எங்களைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை. மாடியில் காயப்போடுகிற எங்கள் துணி தன் குரோட்டன் செடிகளின் மேல் சொட்டுகிறது என்று கிழமைக்கு இரண்டு தடவையாவது சண்டைக்கு வருவார். அம்மா அவரைச் "சனியன்" என்றுதான் சொல்வார். சனிக்கிழமை காலை கேற்றடியில் நின்று, மூன்று நாளாகப் பையன் வகுப்புக்குப் போகவில்லையே, எங்கே என்று கேட்டார். அப்பா சொன்னார். டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு வந்து, "நடவுங்கோ" என்றார். பொலிஸில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, இந்தப் பையன் எத்தனை மணிக்குப் போகிறான், எத்தனை மணிக்கு வருகிறான், எந்தப் புத்தகங்களோடு வருகிறான் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினாராம். துணி சொட்டுவதைத் தவிர இந்த வீட்டாரைப் பற்றி எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை என்பதுதான் கடைசி வரி. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிக் கையெழுத்து வைத்தார். மத்தியானம் அண்ணா வீட்டுக்கு வந்தார். இடது காது வீங்கியிருந்தது. உள்ளே என்ன நடந்தது என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. திங்கட்கிழமை டீச்சர் வழக்கம்போலத் துணிக்காகச் சண்டைக்கு வந்தார்.

இரண்டு கிழமை முதலாளி என்னை எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. மூன்றாவது கிழமை, ஆட்கள் நிறைந்து நின்ற ஒரு பின்னேரம், பழையபடி கண்ணை உருட்டி "பொடி கொட்டியா" என்றார். நான் பாண் வாங்காமல் வீட்டுக்கு வந்து, இனி அந்தக் கடைக்குப் போகமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன் அவர் என்னை அடித்ததே இல்லை. திரும்பிப் போய், சிரித்துவிட்டு, பாணை வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். நான் போனேன், சிரித்தேன், வாங்கி வந்தேன். அந்த அறைக்காக அம்மாவை நான் நெடுங்காலம் மன்னிக்கவில்லை. அண்ணா அடுத்த வருடம் நாட்டைவிட்டுப் போனார்.

இப்போது அந்த ஒழுங்கையில் இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள். கடை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. சோதனைச் சாவடி இல்லை, பதிவுத் துண்டு இல்லை, பெரேரா டீச்சர் இல்லை, குரோட்டன் இல்லை, அப்பாவும் அம்மாவும் இல்லை. எல்லாம் போனது, அந்தப் பாழாய்ப்போன பகிடி மட்டும் போகவில்லை. சில மாதங்களுக்கு முன் தெஹிவளையில் மாமாவின் மகன் வீட்டில் பிறந்தநாள் சாப்பாடு. மச்சான் எழும்பி நின்று, குரலை இழுத்து, தோட்டக்காட்டான் பகிடி ஒன்றை ஆடிக் காட்டினான். சபை விழுந்து விழுந்து சிரித்தது. அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து அந்த வீட்டில் வேலை செய்கிற செல்வி, கையில் தேத்தண்ணித் தட்டோடு நடுவில் நின்றாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் எழும்பி, இத்தனை வருடமாக அடக்கி வைத்திருந்த அத்தனையையும் மச்சானின் முகத்தில் கொட்டினேன். உனக்கு வயது போகப் போகப் பகிடியும் விளங்குதில்லை என்றார் மாமி. செல்வி தட்டோடு குசினிக்குள் போய்விட்டாள்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது, பின்னாலேயே போனேன். அவள் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு, முன் அறைக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "எனக்காகச் சத்தம் போடாதீங்கம்மா. நீங்க இப்பப் போயிருவீங்க. நான் இங்கதானே இருக்கணும்."

அம்மாவும் இதைத்தான் சொல்லியிருப்பார், அறையாமல் சொல்ல அவருக்கு அன்றைக்குப் பொறுமை இருந்திருந்தால். முன் அறையிலிருந்து மச்சான் கூப்பிட்டான். செல்வி கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு போனாள்.