எட்டுப் பலகைகளைப் பார்க்க நானூற்றைம்பது வெள்ளி

வந்து பார்ப்பதற்கு மட்டும் நானூற்றைம்பது மலேசிய வெள்ளி என்றார். பழுது நீக்குவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. போனைக் காதில் வைத்தபடி சமையலறை ஜன்னல் வழியாகத் தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பனி மெல்ல இறங்கி, வரிசை வரிசையாகச் செடிகளைத் தின்றுகொண்டிருந்தது. நானும் இருபது வருஷமாக இந்தக் கேமரன் மலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். யாரும் எனக்கு ஒரு காசு கொடுத்ததில்லை.

அவர் மலைக்குக் கீழே ஈப்போ டவுன்காரர். சோலார் பலகைகளைச் சோதித்து ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பதுதான் அவருக்குத் தொழில். பலகை விற்பதும் இல்லை, மாட்டுவதும் இல்லை, அதனால் பொய் சொல்ல அவசியமில்லாத ஆள் என்று எங்கள் எஸ்டேட் மேனேஜர் நம்பர் கொடுத்திருந்தார்.

"முந்நூறுக்கு வாங்களேன்," என்றேன்.

"அக்கா, மல ஏறி வரணும்லா. மீட்டர் வைக்கணும், சூடு பாக்குற கேமரா கொண்டாரணும். அந்தக் கேமரா வெலைக்கு நல்ல மோட்டார் சைக்கிளே வாங்கிரலாம். சனி, ஞாயிறுன்னா ஐநூறு. கியா பார்ம் ரோட்டு ஜாம்ல மாட்டுனா அன்னிக்கு எனக்கு வேற வேல ஓடாது."

செவ்வாய்க்கிழமை வரச் சொல்லிவிட்டேன்.

நான் பேரம் பேசியது கஞ்சத்தனத்தால் மட்டும் அல்ல. கையில் காசு இல்லை. இருந்ததெல்லாம் கூரையில் இருந்தது. என் கணவர் தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். தேயிலைத் தூசி பாதி, சிகரெட் பாதி என்று இரண்டும் சேர்ந்து அவர் நுரையீரலைப் பங்கு போட்டுக்கொண்டன. வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்தபோது கூடவே ஓர் ஆக்சிஜன் மெஷினும் வந்து உட்கார்ந்தது. கரண்டில் ஓடும் மெஷின். அதிலிருந்து ஒரு நீளக் குழாய் அவர் மூக்குவரை போகும். குழாய் எட்டும் தூரம்தான் அவருக்கு வீடு.

எங்கள் மேட்டில் காற்றடித்தால் கரண்ட் போய்விடும். மரம் விழும், மண் சரியும், ஆள் வந்து சரிசெய்ய அரை நாள் ஆகும். அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் உண்டு. அது இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அதற்காகத்தான் சேமிப்பை வழித்துத் துடைத்து, எங்கள் குவார்ட்டர்ஸ் கூரையில் எட்டுப் பலகைகளும் கீழே ஒரு பேட்டரியும் போட்டேன். எஸ்டேட் வீடாயிற்றே, மேனேஜர் துரையிடம் அனுமதி கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி நான்தான் என்பதால் டைப் அடித்ததும் நான், ஃபைலில் போட்டதும் நான்.

முதல் சில மாதங்கள் ஏதோ கனவில் இருப்பது போலத்தான் இருந்தன. ஊரே இருண்டு கிடக்கும்போது எங்கள் வீட்டில் மட்டும் மெஷின் முனகிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி சாய்ந்திருப்பேன். காலையில் செடிகள்மேல் விழுந்த வெயில் கூரையில் இறங்கி, பேட்டரியில் தங்கி, குழாய் வழியாக என் புருஷனின் மூக்குக்குள் போவதாக நினைத்துக்கொள்வேன். வெளியே பனி வந்து கதவைத் தடவும். பேட்டரி அரை நாள் தாங்கியது. எனக்கு அந்த மாதங்களில் யார் மீதும் கோபமே வரவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

தீபாவளிக்குச் சற்று முன்பிருந்து பேட்டரி இளைக்கத் தொடங்கியது. அரை நாள் தாங்கியது மூன்று மணி நேரமாயிற்று. பிறகு ஒரு மத்தியானம் கரண்ட் போய், உலையில் வைத்த அரிசி வேகும் முன்பே மெஷின் கீச்கீச் என்று கத்தியது. ஓடிப்போய்ச் சிலிண்டரை மாட்டினேன். அவர் உதடு நீலம் பூத்திருந்தது. கரண்ட் திரும்பி வரும்வரை சிலிண்டரின் முள்ளையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பலகை போட்ட கம்பெனிக்குப் போன் செய்தேன். "கேமரன்ல பனி அப்படித்தான்," என்றார்கள். பலகையில்தான் பழுது என்று வெளி ஆள் யாராவது எழுதிக் கொடுத்தால் மாற்றித் தருவார்களாம். என் கணவரும் பனி என்றார். ஆபீஸில் எல்லோரும் பனி என்றார்கள். இந்த மலையில் எது கெட்டாலும் பழி பனிக்குத்தான். அது வாய் திறந்து மறுத்துப் பேசாதே.

செவ்வாய்க்கிழமை காலை அவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், சற்றுத் தொப்பை, காலில் விலை உயர்ந்த பூட்ஸ். பேட்டரியைப் பார்த்தார், நல்லா இருக்கு என்றார். கூரை வயர் வந்து சேரும் பெட்டியில் மீட்டரை வைத்தார், உதட்டைப் பிதுக்கினார். பலகைகள் இருந்தது பின்கூரையில், பள்ளத்தாக்கைப் பார்த்த பக்கம். முற்றத்தில் நின்றால் தெரியாது. ஏணியைச் சாய்த்து, கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு ஏறினார். பனிக்குள் அவர் பூட்ஸ் இரண்டு மட்டும் தெரிந்தன.

இறங்கி வந்து கேமராவைக் காட்டினார். நீல நிறத்தில் எட்டுப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் ஒரு சதுரம் மட்டும் நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"கம்பெனி தப்பா இருந்தா எட்டுலயும் ஒரே எடத்துல வராதுக்கா," என்றார். பிறகு போனில் எடுத்த படத்தைக் காட்டினார்.

எட்டுப் பலகைகளிலும் வெள்ளைப் பெயிண்டில் அகலமாக மூன்று பட்டை. நடுவில் சிவப்புப் பெயிண்டில் பொட்டு.

எனக்கு யார் கை என்று உடனே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஃபேக்டரி மெஷின்களுக்கும் லோரிக்கும் பட்டை போட்டவர் என் வீட்டுக்காரர்தான். இங்கே பெய்யும் மழையில் சந்தனம் ஒரு மணி நேரம்கூட நிற்காது என்று பெயிண்டால் போடுவார். திரும்பிப் பார்த்தேன். கதவோரம் குழாயும் மூக்குமாக நின்றிருந்த என் கணவர் படத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்ப ஏறுனீங்க?"

"பூஜை அன்னிக்கு. நீ கோயிலுக்குப் போனியே, அப்ப. சின்ன சிலிண்டர தோள்ல மாட்டிக்கிட்டு... ஒவ்வொரு படியா... ஒக்காந்து ஒக்காந்து."

அந்த வாரம் சிலிண்டர் காலியாக இருந்ததைப் பார்த்து, குறைவாக அடைத்துக் கொடுத்துவிட்டதாகச் சிலிண்டர்காரரிடம் நான் போட்ட சண்டை நினைவுக்கு வந்தது. வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டியிருந்தேன்.

"கக்கூஸ் போயிட்டு வந்தாலே மூச்சு வாங்குற மனுஷன், கூரையில ஏறுனீங்களா? விழுந்திருந்தா? அறிவு இருக்கா?"

"இத்தன வருஷம் சோறு போட்ட மெஷினுக்குப் போட்டேன். இது மூச்சு குடுக்குது. இதுக்குப் போடாம விடலாமா?"

கோபத்தில் எனக்குக் காது அடைத்தது. பட்டையைக் கீழே கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லோரும் தினமும் பார்த்திருக்கிறார்கள். ஒருத்திக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. மெஷின் என்றால் பட்டை இருக்கும், அவ்வளவுதான். அதை ஒரு தவறு என்று பார்ப்பதற்கு ஈப்போவிலிருந்து நானூற்றைம்பது வெள்ளி கொடுத்து ஆள் வரவேண்டியிருந்தது.

வந்தவர் பொறுமையாக விளக்கினார். வெயில் படாத அந்த ஒரு கட்டம் மொத்தப் பலகையையும் மறிக்கிறது. எட்டும் ஒரே சங்கிலியில் கோத்தவை. ஒன்றில் பட்டை மிச்சம் இருந்தாலும் அது மற்றவற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

"சரி, சுரண்டி விட்டுருங்க," என்றேன்.

அவர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சுரண்டியை எடுத்தார். என் நெற்றியைப் பார்த்தார். உள்ளே நின்ற என் கணவரைப் பார்த்தார். பிறகு சுரண்டியை என்னிடம் நீட்டினார்.

"ரிப்போர்ட் எழுதித் தரேன்கா. அம்பது வெள்ளி கொறச்சுக்குங்க. ஆனா நான் கை வைக்க மாட்டேன். பட்டையாச்சும் பரவால்ல. அந்தப் பொட்ட நான் அழிக்க மாட்டேன்."

எனக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை. எங்கள் வழக்கத்தில் ஒரு வீட்டில் பொட்டை அழிப்பது எப்போது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கருமாதி அன்று என் அத்தையைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து, நாலு பேர் சேர்ந்து அழித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அத்தை கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைக் கொடுத்தாள்.

சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். பனி கலைந்து வெயில் மங்கலாக விழுந்திருந்தது. மேலே இருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை, அதன் நடுவே துண்டு துண்டாக வெண்மை, எங்கோ ஒரு லோரி ஏறும் சத்தம். எட்டுப் பலகைகளும் கோயிலில் வரிசையாக வைத்த சிலைகள் மாதிரி என்னைப் பார்த்தன. பட்டைகள் ஒன்றுகூடக் கோணவில்லை. மூச்சு முட்ட முட்டப் போட்டவருக்குக் கை நடுங்கவே இல்லை.

முதல் பலகையின் பட்டையைச் சுரண்டினேன். வெள்ளை வந்துவிட்டது. பொட்டுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. காற்று விறுவிறுவென்று அடித்தது.

கீழே குழாய் இழுபடும் சத்தம் கேட்டது. குழாய் எட்டும் கடைசி இடமான பின்வாசல்படிக்கு என் கணவர் வந்து நின்றிருந்தார்.

"அழி," என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீயே அழி. நான் இருக்கேன்ல."

அழித்தேன். சிவப்புச் செதில்கள் நகத்துக்கடியில் ஏறின. இரண்டு, மூன்று, நான்கு. "இன்னும் ஏறலக்கா," என்று கீழே மீட்டரைப் பார்த்தபடி ஈப்போக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்து, ஆறு. ஏழாவதில் என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. முழங்கையால் துடைத்துக்கொண்டேன். எட்டாவது பொட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒரே இழுப்பில் சுரண்டி எடுத்தேன்.

"ஏறிருச்சுக்கா! ஏறிருச்சு!"

நான் கூரையில் அப்படியே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

"ஏம்மா... என்னாச்சு? ஏன்... அழுவுற?" என்று கீழேயிருந்து என் கணவர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல," என்றேன். "பேசாம இருங்க. மூச்சு வாங்கும்."