அப்பாவை வேறு அடுப்பாக்கினேன்

இந்தச் செபக்கூட்டத்தில் இரண்டு வருடமாகப் பின்வாங்கில் இருக்கிறேன். ஒருநாளும் எழுந்து பேசவில்லை. வெட்கம்தான் காரணம். ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொன்னால், நான் அப்பாவுக்குச் செய்ததையும் சொல்ல வேண்டி வரும். அதனால் எழுதிக்கொண்டு வந்து வாசிக்கிறேன்.

1992 மாசியில் அம்மா இறந்தார். அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. குருநகரில் எங்கள் கரையிலிருந்து சண்டையால் மீன்பிடித் தொழிலுக்குப் போக முடியாத காலம். அப்பாவுக்குக் கடலும் இல்லை, அம்மாவும் இல்லை. சித்திரை மட்டில் நித்திரை போய்விட்டது. யாரோ தன் வலையை வெட்ட வருகிறார்கள் என்று பகல் முழுக்கக் கிணற்றடியில் காவல் இருந்தார். மனநோய்க் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் விழுங்கத் தந்த குளிசையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். பிறகு அந்தக் குளிசை ஆஸ்பத்திரியில் முடிந்துபோனது. வெளியே மருந்துக்கடையில் இருந்தது, ஆனால் என் சம்பளத்துக்கு எட்டாத விலை. அந்தச் சம்பளமும் பிந்திப் பிந்தித்தான் வந்தது.

சனம் பிச்சைச் சம்பளம் என்று சொல்லும் அரசாங்க உதவி முதியவர்களுக்குக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டேன். படிவத்தை நிரப்பிக்கொண்டு உதவி கொடுக்கும் கந்தோருக்குப் போனேன். அங்கே எழுத்துவேலை பார்க்கும் லிகிதர் அதை வாசித்துவிட்டுக் கேட்டார்.

"அப்பா ஆரோடை இருக்கிறார்?"

"என்னோடை."

"நீர் அரசாங்க உத்தியோகம். அப்ப கிடையாது, தங்கச்சி."

"குளிசைக்குத்தான் ஐயா கேக்கிறன்."

"விளங்குது. ஆனா ஊர் விதானையார் வந்து விசாரிச்சு ஒரே அடுப்பெண்டு எழுதினா நாங்கள் என்ன செய்யிறது?"

ஒரே அடுப்பு. அடுப்பு வேறென்றால் குடும்பமும் வேறு. அந்தச் சொல்லைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, அரசாங்கக் கந்தோரில் கட்டடப் படம் கீறுகிறவள். எதையும் பட்டியல் போட்டுச் செய்வேன். அன்றும் போட்டேன். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓலைக் கொட்டிலுக்குள் அடுப்புக்கு மூன்று கல். ஒரு பானை, ஒரு சட்டி. அப்பாவின் பாய், தலையணை. குடும்ப அட்டையிலிருந்து அவர் பெயரைப் பிரித்தல். கொட்டிலைத் தனி வீடாகக் காட்டி ஒரு படமும் கீறி இணைத்தேன். அளவெல்லாம் சரி.

அப்பாவிடம் சொன்னேன், "விதானையார் வந்தா, நான் தனியச் சமைக்கிறன் எண்டு சொல்லுங்கோ. சும்மா சொல்லுக்குத்தான்." அவர் தலையாட்டினார். விளங்கியதா என்று நான் கேட்கவில்லை.

விதானையார் வந்து அடுப்பில் சாம்பலைப் பார்த்தார். "என்ன ஐயா, இண்டைக்கு என்ன கறி?"

அப்பா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார், "மகள் என்னை வேறையாக்கிப் போட்டாள், தம்பி."

நன்றாகச் சொல்லிவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம். அதை நினைக்க இன்றைக்கும் கூசுகிறது.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டுக் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. "நான் வேறை அடுப்பு, பிள்ளை," என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதையே சொன்னார். வேகாத அரிசியைச் சாப்பிட்டார். அது நடிப்பு என்று எவ்வளவோ சொன்னேன். அவர் தலையில் ஏறவில்லை. உதவி வந்தது, குளிசையும் வாங்கினேன். என் கையால் கொடுத்த எதையும் அவர் தொடவில்லை. ஒன்றரை மாதத்தில் விலா எலும்பு தெரிந்தது. வலையை வெட்டுகிறவனும் திரும்பி வந்துவிட்டான்.

ஐப்பசியில் ஒரு காலை, கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. கரையில் தேடினேன். சந்தையில் தேடினேன். அம்மாவின் கல்லறையிலும் தேடினேன். இனி எங்கே தேடுவதென்று தெரியவில்லை. கோயிலுக்குள் போய் முழந்தாளில் இருந்தேன். செபத்துக்கும் எனக்குப் பட்டியல் உண்டு. குளிசை, சம்பளம், அப்பாவின் நித்திரை. அன்று ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, அவர் போகவில்லை, நான்தான் அனுப்பினேன். அவரைத் தாரும். உதவி வேண்டாம், உண்மையைச் சொல்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்தபோது விதானையார் சைக்கிளோடு வாசல் படலையில் நின்றார். பக்கத்தில் அப்பா. விடிந்ததும் நடந்து அவர் வீட்டுக்கே போயிருக்கிறார்.

"உம்மடை அப்பா என்ன கேட்டவர் தெரியுமே?" என்றார் விதானையார். "என்ரை பேரை மகளின்ரை அட்டையிலை திரும்பப் போடுங்கோ, இனி அவளுக்குக் கரைச்சல் குடுக்கமாட்டன் எண்டார்."

விதானையார் சைக்கிளை வேலியில் சாய்த்தார்.

"படம் வடிவாத்தான் கீறியிருந்தீர், பிள்ளை. நானும் நம்பிப்போனன்."

அவர் முன்னால் அப்பாவின் காலைப் பிடித்தேன். அப்பா ஒதுங்கிக்கொண்டார். பயந்துபோனார் என்று நினைக்கிறேன். ஆனால் அன்று மத்தியானம் என் கோப்பையில் சாப்பிட்டார்.

மறுநாள் உண்மையை எழுதிக் கொடுத்தேன். உதவி நின்றது. வாங்கியதைத் திருப்பிக் கட்டினேன். பிறகு கிளினிக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கேட்டார், "குளிசை வாங்க ஏலாதெண்டு என்னட்டை ஏன் முதலே சொல்லேல்லை? இஞ்சை இருக்கிற வேறொண்டுக்கு மாத்தியிருப்பனே."

ஏன் சொல்லவில்லை? காசு இல்லையென்று சொல்ல வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்துக்காக அப்பாவையே இல்லையென்று எழுதிவிட்டேன்.

புதுக் குளிசை ஆஸ்பத்திரியில் இலவசம். நத்தார் பண்டிகைக்கு முன்பே அவர் நித்திரை கொண்டார். நான் கேட்டது அப்பாவை மட்டும், ஆண்டவர் தந்தது அப்பாவையும் அப்பாவின் நித்திரையையும். தகுதி பார்த்து அவர் தரவில்லை. தகுதி பார்த்திருந்தால் எனக்குக் கிடைத்திராது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். ஆண்டவரிடம் கேளுங்கள். டாக்டரிடமும் வாய்திறந்து கேளுங்கள். பொய் மட்டும் எழுதாதீர்கள். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் நான் கூட வருவேன்.

அப்பா வெளியே மாமரத்தடியில் நிற்கிறார். போகும்போது அவரோடும் ஒரு வார்த்தை கதையுங்கள். அம்மா போன பிறகு ஒருவரும் தன்னோடு கதைப்பதில்லை என்றுதான் அவருக்கு இன்னும் கவலை.