நாலு மணிக்குப் போன சிக்னல்

றக்வானையில் எங்கள் வீட்டுக்குக் கீழே, ரோட்டோரம் எனக்கொரு சின்னக் கடை இருக்கிறது. கட்டாரில் வேலை செய்யும் என் கணவர் சாப்பாட்டு நேரத்தில்தான் பேசுவார். அது இங்கே பின்னேரம் நாலு மணி. வீட்டு வைஃபை கடைவரை எட்டாததால், வெளியில் வைக்கும் அன்டெனா ஒன்று வாங்கி நானே கூரையோரக் கம்பத்தில் பூட்டினேன்.

மூன்று நாள் நன்றாக வேலை செய்தது. பிறகு நாலு மணியானால் பேச்சு பாதியில் அறுந்தது. அடுத்த வீட்டு குசுமா அக்கா தேயிலை ஃபெக்டரியிலிருந்து திரும்புவதும் அந்த நேரம்தான். அவர் என் வைஃபையைப் பாவிப்பதால்தான் இப்படி ஆகிறது என்று நினைத்து பாஸ்வேர்டை மாற்றினேன். அப்போதும் அறுந்தது. புது பாஸ்வேர்டையும் எப்படியோ எடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். ஒருநாள் கடையில் நாலு பேர் நிற்கும்போது, "அடுத்தவங்க லைன களவா பாவிக்கிறது சரியில்லங்க அக்கா" என்று சொல்லிவிட்டேன். அவர் எடுத்த சாமானை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

மறுவாரம் அக்கா கலவானையில் தாய் வீட்டுக்குப் போயிருந்தார். கொஞ்ச நாளாகவே பெய்வதுபோல நாலு மணிக்கு மழை கொட்டியது. சிக்னலும் போனது. மழை விட்டதும் ஏணி வைத்து ஏறி, அன்டெனாவில் வயர் பூட்டிய இடத்தைக் கழற்றினேன். தண்ணீர் வடிந்தது. நான்தான் அதற்கு டேப் சுற்றாமல் விட்டிருந்தேன்.

அக்கா வந்ததும் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட பட்டன் போன்தான் இருக்கு, நங்கி. கேட்டிருந்தா காட்டியிருப்பேனே" என்றார், வழக்கம்போல என்னைச் சிங்களத்தில் தங்கையென்று அழைத்து.

அன்று கடையில் நின்றவர்களிடமும் உண்மையைச் சொன்னேன். அவர்களில் பலர் அதை மறந்தே போயிருந்தார்கள். அக்கா மட்டும் இன்னமும் சாமான் வாங்க டவுனுக்குத்தான் போகிறார். கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை.