ரிஸ்கல்லாவின் மணிக்கட்டு

என் தங்கை இன்ஸாஃபின் புருஷன் ரிஸ்கல்லாவுக்கு நாற்பத்து மூன்று வயது வரை மணிக்கட்டு வெறுமையாகவே இருந்தது. எகிப்தின் மின்யாவில் எங்கள் கிப்திக் கிறிஸ்தவ ஜனத்தில், பால்குடி மறக்காத பிள்ளைக்கே வலது மணிக்கட்டின் உட்புறத்தில் சிலுவையைப் பச்சை குத்திவிடுவோம். பிள்ளை அரை நாள் அழும், பிறகு மறந்துவிடும். ரிஸ்கல்லாவை அவன் அம்மா எட்டு மாதத்தில் தூக்கிப் போனபோது, ஊசி படுவதற்கு முன்பே மூச்சுப் பிடித்து நீலம் பாரித்துப் போனானாம். பயந்துபோய்த் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். அன்று திரும்பியவன்தான்.

அவன் பிழைப்பு என்ன தெரியுமா? மருந்துக்கடையில் ஊசி போடுவது. முதலாளிதான் படித்தவர். இவன் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் தெருவில் பாதிப் பேரின் இடுப்பைப் பார்த்தவன். எல்லோரும் இவனை டாக்டர் என்று கூப்பிடுவார்கள். இவனும் ஒரு நாளும் மறுத்ததில்லை. ஊசிக்குப் பயந்து நெளிகிற பெரிய ஆட்களிடம், "வெக்கமா இல்ல? உங்கள விடச் சின்னப் பிள்ளைங்க தைரியமா வருதுங்க" என்பான்.

கன்னி மரியாள் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் ஜபல் அத்தைர் மலைக்குப் போவோம். பச்சை குத்துகிறவர்களின் கடைகள் வரிசையாக இருக்கும். ஆண்டுதோறும் அவன் வரிசையில் நிற்பான், ஆண்டுதோறும் விலகுவான். ஒரு வருஷம் வெயில் அதிகம், தோல் புண்ணாகும் என்றான். ஒரு வருஷம் மை சரியில்லை. குவைத்துக்கு வேலைக்கு மனுப் போட்டிருந்த மூன்று வருஷமும், அங்கே கையைப் பார்ப்பார்கள் என்றான். குவைத் வரவே இல்லை. பிறகு பக்தி வந்தது. மனசு முழுசாகத் தயாராகாமல் சிலுவையைச் சுமப்பது பாவம் என்று எங்கள் பாதிரியாரிடமே போய்ச் சொன்னான்.

அவர், "தயாராகிட்டுத்தான் ஞானஸ்நானம் வாங்கினியா? அன்னிக்கு உனக்குத் தலையே நிக்கல" என்றார்.

இதை வீட்டில் வந்து சொல்லி, பாதிரியாருக்கு ஆழம் போதாது என்றும் சொன்னான்.

அப்புறம் அஸ்யூத்தில் எங்கள் சித்தி மகளின் கல்யாணம் வந்தது. பகல் கல்யாணம். எல்லோரும் பஸ்ஸில் போய் இறங்கினோம். ரிஸ்கல்லா புதுக் கோட்டு போட்டிருந்தான். மதம் குறித்திருக்கும் அடையாள அட்டை பழைய கோட்டிலேயே தங்கிவிட்டது. அந்தத் தேவாலயத்துக்கு ஏதோ மிரட்டல் வந்திருந்ததால் வாசலில் கெடுபிடி. முகம் தெரியாத ஆள் என்றால் அட்டையைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் கையை. நான் கையைக் காட்டினேன், இன்ஸாஃப் காட்டினாள், அவர்கள் மகள் வெரீனா ஒன்பது வயதுக் கையை நீட்டிவிட்டு உள்ளே ஓடினாள். இவன் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"கையக் காட்டுங்க சார்" என்றான் வாசலில் நின்ற தொண்டர் படைக்காரன்.

"கையில இல்ல. மனசுல இருக்கு."

"மனசத் திறந்து பாக்க எங்ககிட்ட ஆளில்லயே."

"எங்க வீட்டுக்காரர்தான்" என்றாள் இன்ஸாஃப்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. யார் சொன்னாலும் விடக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு."

ரிஸ்கல்லா உடனே விசுவாசப் பிரமாணத்தை உரத்த குரலில் சொல்ல ஆரம்பித்தான். ஒரு வார்த்தை பிசகாமல் கடைசி ஆமென் வரை சொன்னான். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கும் இது மனப்பாடம் சார். எட்டு வருஷமா இந்த வாசல்ல நிக்கிறேன். அதுக்காக நான் அல்லாவ விட்டுட்டேனா என்ன?" என்றார்.

நான் உள்ளே போய் யாராவது பெரியவரைக் கூட்டிவந்திருக்கலாம். போகவில்லை. நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். கல்யாணம் முடியும் வரை அவன் எதிரே கரும்புச்சாறுக் கடையில் நின்றான். பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வந்தபோது ஓடிவந்து கை தட்டினான். படத்தில் இருக்கிறான், ஒரு ஓரத்தில், வியர்த்துப் போய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கையில் சிலுவை இருந்தது. எங்கே குத்தினாய் என்று கேட்டால், "தெரிஞ்ச எடத்துல" என்றான். இன்ஸாஃப் அந்தக் கையைப் பிடித்து முத்தமிட்டாள். எனக்கு மட்டும் சந்தேகம். புண்ணில்லை, பொருக்கில்லை, அவ்வளவு சீக்கிரம் யாருக்கு ஆறுகிறது?

நான்காவது வாரம் கசாப்புக் கடை ஃபவ்ஸி முதுகுவலிக்கு ஊசி போட வந்தான். ரிஸ்கல்லா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தபோது பாட்டில் சரிந்து அவன் கைமேல் கொட்டியது. நீல மை முழங்கை வரை ஓடியது.

"டாக்டரே, உங்க சிலுவ பஞ்சுல வந்துடுச்சு" என்றான் ஃபவ்ஸி.

அவன் கடைக்கு வரும் ஒருத்தர் விடாமல், எலும்பு வாங்க வந்தவர்கள் உட்பட, எல்லோருக்கும் இது போய்ச் சேர்ந்தது. இன்ஸாஃப் இரண்டு நாள் புருஷனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்லப் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ரிஸ்கல்லா சமையலறையில் உட்கார்ந்து மொலொகியாக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தான்.

"என்ன மாப்பிள்ளை, பேனா தீந்துபோச்சா?" என்றேன்.

நிமிரவில்லை. "ஊசிக்குப் பயம்னு நெனக்கிறீங்களா அக்கா?"

"பின்ன?"

"பயந்தான். ஆனா அது மட்டும் இல்ல. குத்திட்டா அழிக்க முடியாது. அழிக்க முடியாதபடி நானா எதையும் என் வாழ்க்கையில செஞ்சதில்ல."

"கல்யாணம் பண்ணினீங்களே."

"அது உங்க அப்பா பண்ணினது. நான் கூட நின்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அவன் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தான். காம்பைக் கிண்ணத்திலும் இலையைக் குப்பையிலும் போடுகிறான் என்பதைப் போகும்போதுதான் கவனித்தேன்.

ஆகஸ்டில் திருவிழா வந்தது. இந்த முறை ஒரு பை நிறைய கையுறை, பஞ்சு, பிரிக்காத புது ஊசி எல்லாம் கொண்டுவந்தான். பச்சை குத்துகிற உம் கிரோலொஸ் கனத்த உடம்புக்காரி; ஒரு நாளைக்கு முந்நூறு கை பார்ப்பவள். அவன் பையைப் பார்த்தாள்.

"ஆபரேஷன் பண்ணவா வந்திருக்கீங்க டாக்டரே?"

"கொஞ்சம் இருங்க. நான் தயாரான்னு யோசிக்கணும்."

"யோசிங்க. இந்தப் பக்கமா உக்காந்து யோசிங்க, பின்னால கூட்டம் நிக்குது."

அவனுக்குப் பின்னால் இருந்த ஏழு பேர் குத்திக்கொண்டு போனார்கள். ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தை கத்திய கத்தலில் ரிஸ்கல்லாவின் உதடு வெளுத்தது. எழுந்துவிடுவான் என்று இன்ஸாஃபிடம் பந்தயமே கட்டினேன்.

எழுந்தான். எழுந்து, உம் கிரோலொஸின் முன்னால் போய்க் கையை நீட்டினான். "நான் தயாராகல. ஆக மாட்டேன். குத்துங்க" என்றான்.

இயந்திரம் உறுமியது. இரண்டே நிமிஷ வேலை. முதல் கோடு நேராக வந்தது. குறுக்குக் கோட்டில் கையை இழுத்துவிட்டான். சிலுவையின் ஒரு கை நீண்டு, விரல் பக்கமாக வளைந்துவிட்டது. "ஆட்டினது நீங்க, என்னச் சொல்லாதீங்க" என்றாள் அவள். அவன் முகத்தில் கண்ணீர் ஓடியது. துடைத்துக்கொள்ள ஒரு கைதான் மிச்சம் இருந்தது. அதையும் இன்ஸாஃப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இனி பேச்சுக்குக் கேட்க வேண்டுமா? கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கையைக் காட்டுகிறான். இரண்டு நிமிஷம் அரைமணி ஆகி, இப்போது ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கிறது. மரத்துப்போக மருந்து வேண்டாம் என்று இவனே மறுத்தானாம். யாரும் தருவதாகச் சொல்லவே இல்லை. சிலுவை வளைந்திருப்பது பழங்கால வடிவம் என்றுகூட ஒருவரிடம் சொல்லிவிட்டான்.

இதைப் போன வாரம் என் வீட்டில் எல்லோர் முன்னாலும் அவனைப் போலவே பேசிக் காட்டினேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இன்ஸாஃப் மட்டும் தட்டைக் கீழே வைத்தாள்.

"போதுங்க்கா" என்றாள். "நம்ம ரெண்டு பேருக்கும் ஆறு மாசத்துல யாரோ பிடிச்சுக் குத்தினாங்க. நீ அதுக்கு என்ன பண்ணின?"

சோறு ஆறுகிறது என்று சொன்னேன்.